ஈரம் படாத கை

காரின் கதவைத் திறக்கப் போகும்போதுதான் ரெவி அதைக் கவனித்தான். வலது உள்ளங்கையில் ஈரம் இருந்தது, ஆனால் நடுவில் மட்டும், ஆறு வயதுக் குழந்தை ஒன்று பிடித்திருந்த அளவுக்கு மட்டும். விரல்களில் இல்லை. புறங்கையில் இல்லை. இடது கை மொத்தமும் காய்ந்து கிடந்தது, கறுப்புக் கோட்டின் கைப்பட்டியில் ஒரு சொட்டுகூட இல்லை.

“திறப்பா, குளிருது,” என்றாள் அதுவரை அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு வந்த மகள் மிரி. அவள் கையிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. இடுகாட்டு வாசலிலிருந்த குழாயில் அம்மாவோடு நின்று முழங்கை வரை நனைத்துக்கொண்டு வந்தவள். தலையிலும் தெளித்துவிட்டிருந்ததால் முன்முடி நெற்றியோடு ஒட்டியிருந்தது.

ரெவி திரும்பிப் பார்த்தான். சரிவில் இறங்கி வந்த அத்தனை பேரும் கையை உதறிக்கொண்டும், கோட்டில் துடைத்துக்கொண்டும், ஈரக் கையால் முகத்தைத் தடவிக்கொண்டும் வந்தார்கள். முருபாரா ஊரில் பிறந்தவன் எவனும், அவன் குடிகாரனாக இருந்தாலும் சரி, சாமி கும்பிடாதவனாக இருந்தாலும் சரி, அந்தக் குழாயைத் தாண்டிக் கை நனைக்காமல் வரமாட்டான். இறந்தவனிடமிருந்து ஒட்டியதை அங்கேயே கழுவிவிட வேண்டும். பிறகு மராயே என்கிற ஊர்ப் பொதுக் கூடத்தில் எல்லோரோடும் உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட வேண்டும். இரண்டும் செய்யாதவனோடு அது வீட்டுக்கு வரும். அது என்றால் எது என்று யாரும் யாரையும் கேட்டதில்லை.

ரெவியும் கழுவினான். கழுவினோம் என்றுதான் இவ்வளவு நேரமும் நினைத்துக்கொண்டிருந்தான்.

குழாயடியில் அவன் முறை வந்தபோது மெல்ட்ரம் வந்து பக்கத்தில் நின்றுகொண்டான். மரம் வெட்டும் ஒப்பந்தக்காரன், ரெவிக்கும் செத்துப்போன ஹகோபாவுக்கும் முதலாளி. தன்னிடம் வேலை பார்த்தவனைப் புதைத்த மண் இன்னும் சரியாக மூடவில்லை, அதற்குள் ஆள் பிடிக்க வந்துவிட்டான்.

“சரிவுல நூத்துச் சொச்சம் மரம் பாக்கி நிக்குது ரெவி. திங்கக்கிழமை ஹகோபா இடத்துல நீதான். கை நல்லாத்தானே இருக்கு?”

“நல்லாத்தான் இருக்கு.”

“இல்ல, குளிர்காலம் பாரு. சில பேருக்கு விரல் வெளுத்துடுது. அந்த மாதிரி ஆளுங்களை வச்சு நான் மாரடிக்க முடியாது.”

“நல்லாத்தான் இருக்குன்னேன்ல?”

இதைச் சொல்லிக்கொண்டே, மெல்ட்ரமின் முகத்தை விட்டுப் பார்வையை எடுக்காமலே, ரெவி இரண்டு கைகளையும் குழாய்க்கு அடியில் நீட்டித் தேய்த்தான், தலையில் தெளிப்பதுபோல் உதறினான், நகர்ந்தான். முன்னால் நின்ற கிழவர் தண்ணீர் வீணாகக் கூடாது என்று குழாயை இறுக்கி மூடிவிட்டுப் போயிருந்தார். வெறும் காற்றில் கை கழுவிவிட்டு வந்திருக்கிறான், அவ்வளவுதான். இப்போது, ஐம்பது அடி கீழே காரடியில் நின்று யோசிக்கும்போதுதான் அது அவனுக்கு விளங்கியது.

திரும்பிப் போயிருக்கலாம். ஐம்பது அடி என்ன பெரிய தூரமா? ஆனால் மெல்ட்ரம் அங்கேயே நின்றுகொண்டு வருகிறவன் போகிறவன் கையையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தான். தண்ணீர் வந்ததா வரவில்லையா என்றுகூடத் தெரியாத கை ஒருவனுக்கு இருக்கிறது என்று தெரிந்தால், திங்கட்கிழமை அவன் மோட்டார் ரம்பத்தைத் தொட முடியாது. ரம்பத்தைத் தவிர ரெவிக்கு வேறு எதுவும் தெரியாது. பாழாய்ப்போன வறட்டு ரோஷத்தோடு கதவைத் திறந்து, குழந்தையைப் பின்னால் உட்காரவைத்து, வண்டியை எடுத்தான்.

மனைவி ஹேரா குழாயடியிலிருந்து நேரே மராயே சமையலறைக்குப் போய்விட்டாள். நூற்றைம்பது பேருக்குச் சாப்பாடு. மிரிக்கு இரண்டு நாளாக இருமல், லேசாகக் காய்ச்சல், அதனால் நீ இவளைக் கூட்டிக்கொண்டு போ, சாப்பாட்டை நான் எடுத்துவருகிறேன் என்று அவள்தான் சொன்னாள். ரெவிக்கும் அது வசதியாகப் போயிற்று. ஹகோபாவின் அக்கா வைமாரிக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட அவனால் முடியாது.

காட்டுச் சாலையில் பைன் மரங்கள் இருபக்கமும் நெருங்கி நின்றன. மூன்று மணிக்கே, இந்தப் பக்கத்து நடுக்குளிர்காலமான ஜூலை மாதத்துப் பனிமூட்டம் கீழே இறங்கிவிட்டது. ஸ்டியரிங் சக்கரம் அவன் பிடிக்குள் லேசாக அதிர்வது முழங்கையில் தெரிந்தது. பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தான். முச்சந்தியில் ஆடுகளுக்கு வழிவிட்டு நிறுத்தி என்ஜினை அணைத்த பிறகும் அது நிற்கவில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் விறகடுப்பை மூட்டினான். மிரியை அடுப்புக்குப் பக்கத்திலிருந்த சோபாவில் படுக்கவைத்துக் கம்பளியை இழுத்துவிட்டான். இழுத்துவிடும்போது அவள்மேல் கை படாமல் பார்த்துக்கொண்டான். ஏன் என்று தனக்கே சொல்லிக்கொள்ளவில்லை. கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு நின்றான்.

“அப்பா, ஹகோபா மாமாவுக்கு மரம் விழறது தெரியலையா?”

“தெரியல.”

“ஏன் தெரியல?”

“தூங்கும்மா.”

அந்தக் கேள்விக்கு ஒரு பதில் இருந்தது. சாயப்போகிற மரம் முதலில் ஒரு சின்ன நடுக்கம் நடுங்கும். காதுக்குக் கேட்பதற்கு முன், கண்ணுக்குத் தெரிவதற்கு முன், அது ரம்பத்தின் கைப்பிடி வழியாக வெட்டுகிறவனின் விரலுக்கு வந்துவிடும். விரல் சொன்னதும் ரம்பத்தை விட்டு ஓட வேண்டும், அதற்கு இரண்டு மூன்று விநாடிதான் கிடைக்கும். ஹகோபாவின் விரல் அவனுக்கு ஒன்றும் சொல்லவில்லை.

சமையலறைக்குப் போய்த் தேநீருக்குத் தண்ணீர் வைத்தான். அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. எங்கோ ஒரு ரம்பம் ஓடிக்கொண்டிருந்தது. வெட்டுகிற சத்தம் இல்லை, வெட்டுக்கும் வெட்டுக்கும் நடுவில் சும்மா விட்டிருக்கும்போது உறுமுமே, அந்தச் சத்தம். ஊரே ஒருவனைப் புதைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிற நாளில் எந்த மடையன் விறகு வெட்டுகிறான்? அதுவும் ரம்பத்தால் பிழைத்து அதனாலேயே செத்தவனுடைய நாளில்? ரெவிக்குக் கோபம் தலைக்கேறியது. போய் நாலு அறை விட்டுவிட்டு வரலாம் என்று பின்கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தான்.

வெளியே ஒன்றும் இல்லை. பனிமூட்டம், ஈரப் புல், பைன் பிசின் வாசம், தூரத்தில் ஒரு நாய். கொட்டகையைத் திறந்தான். அவனுடைய ரம்பம் பலகைமேல் சங்கிலி கழற்றி, பிளக் கழற்றி, துண்டு துண்டாகக் கிடந்தது. ஹகோபா செத்த அன்றைக்கு வந்து கழற்றிப் போட்டதுதான், அதன் பிறகு தொடவில்லை. என்ஜின்மேல் கை வைத்துப் பார்த்தான். சூடா, சில்லென்றா, சொல்ல முடியவில்லை. கன்னத்தை வைத்துப் பார்த்தான், பனிக்கட்டியாக இருந்தது.

திரும்பி உள்ளே வந்ததும் மறுபடி அதே உறுமல்.

ஜன்னலைத் திறந்து பார்க்கலாமென்று சட்டத்தில் கை வைத்தான். கண்ணாடிகள் நான்கும் கடகடவென்று ஆடின. கையை எடுத்தான், நின்றது. வைத்தான், ஆடின. ஒரு விரலை மட்டும் வைத்தான். சட்டத்தில் கண்ணாடியைப் பிடித்திருந்த பழைய மக்கு உதிர்ந்து கீழே பாத்திரம் கழுவும் தொட்டிக்குள் விழுந்தது.

ரெவி கையைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்தான். சத்தம் பெரிதாயிற்று. காதருகே கொண்டுபோனான், இன்னும் பெரிதாயிற்று. கை நடுங்குகிற மாதிரி கண்ணுக்குத் தெரியவில்லை, ஆனால் அந்த உறுமல் அவனுடைய எலும்புக்குள்ளிருந்துதான் வந்துகொண்டிருந்தது.

விரல்கள் வெளுத்திருந்தன. அதில் புதுமை ஒன்றும் இல்லை. பத்தொன்பது வருஷத்துக் குளிர்காலங்களில் அவன் பார்த்துப் பழகிய வெள்ளைதான் அது. முதலில் சாயங்காலங்களில் விரல் நுனியில் ஊசி குத்தும். அடுத்த வருஷம் காலைக் குளிரில் ஒரு விரல் மட்டும் மெழுகுபோல் வெளுக்கும், அரைமணியில் சிவந்து, வலித்து, திரும்பிவிடும். பிறகு ஒன்று மூன்றாகும். சட்டைப் பொத்தானை மனைவி போட்டுவிட வேண்டிவரும். கோப்பை நழுவும். ஒருநாள் வெளுத்த விரல் சிவக்கும், ஆனால் உணர்ச்சி மட்டும் திரும்பி வராது. எல்லாம் ரம்பத்தின் அதிர்வு செய்கிற வேலை. கைப்பிடிக்கும் என்ஜினுக்கும் நடுவே ரப்பர் இருக்கிறது, அது தேய்ந்தால் மாற்ற வேண்டும், மாற்றினால் அதிர்வு பாதியாகும் என்று எல்லோருக்கும் தெரியும். மெல்ட்ரமுக்கும் தெரியும். “ஓடுதில்ல? அப்புறம் என்ன?” என்பான். கேட்டால், கையுறை போட்டுக்கோ என்பான். அவன் கைகள் அலுவலகத்தில் உட்கார்ந்து காபி குடிக்கிற கைகள். நாசமாய்ப் போக.

ஆனால் இன்றைக்கு வெள்ளை விரலோடு நிற்கவில்லை. புறங்கையைத் தாண்டிவிட்டது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மணிக்கட்டில் ஒரு கோடு போட்டதுபோல் வந்து நின்றது.

வெந்நீர்க் குழாயைத் திறந்தான். வீட்டுத் தண்ணீரும் தண்ணீர்தானே. இப்போது கழுவினால் ஆகாதா என்ன? சோப்பைப் போட்டுத் தேய்த்தான், பாத்திரம் கழுவுகிற கம்பி நாரை எடுத்துத் தேய்த்தான், தலையிலும் தெளித்துக்கொண்டான். வாய்க்கு வந்த ஜெபத்தைப் பாதி சொல்லி, மீதி மறந்து, ஹகோபாவைத் திட்டினான். “போயேண்டா. போய்த் தொலையேண்டா. நான் என்னடா பண்ணேன் உனக்கு?”

என்ன பண்ணினான் என்பது அவனுக்குத் தெரியும்.

ஐந்து வாரத்துக்கு முன் நர்ஸ் வேனில் வந்திருந்தாள், வருஷத்துக்கு ஒருமுறை கைப் பரிசோதனை. ஆட்களெல்லாம் வழக்கம்போல் அதற்கு முன்னால் ரம்பத்தின் புகைக்குழாய்மேல் கையைக் காட்டிச் சூடேற்றிக்கொண்டார்கள். விரல் சிவப்பாகத் தெரிந்தால் பாதி தப்பித்த மாதிரி. மீதிப் பாதிதான் கஷ்டம். வேனுக்குள் கண்ணை மூடி உட்காரச் சொல்லி, பென்சில் நுனியால் தொட்டு, எந்த விரல் என்று கேட்பாள். ஹகோபாவுக்குச் சுட்டு விரலில் இருந்து சுண்டு விரல் வரை உணர்ச்சியே இல்லை. நாலு பிள்ளைகள். “எப்படியாவது காப்பாத்து மச்சான்,” என்றான். எதிர் இருக்கையில் தன் முறைக்காக உட்கார்ந்திருந்த ரெவி, நர்ஸ் தொட்ட விரலுக்கு ஏற்றபடி பூட்ஸ் குதியால் வேனின் தரையில் தட்டினான். இரண்டு தட்டு, இரண்டாவது விரல். நாலு தட்டு, நாலாவது விரல். ஹகோபா ஒன்றுகூடத் தப்பாகச் சொல்லவில்லை. பிறகு இடம் மாறி உட்கார்ந்துகொண்டு ரெவிக்கு அவன் தட்டினான். வெளியே வந்து இருவரும் மரத்தில் சாய்ந்துகொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். போகும்போது நர்ஸ் எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னாள், மரத்துப்போன விரல் திரும்ப வராது, இப்பவே ரம்பத்தை விட்டா இதோட நிக்கும் என்று. அதைக் கேட்டும் சிரித்தார்கள்.

ஏதோ வாசனை வந்தது. பன்றித் தோலை வாட்டுகிற வாசனை. ரெவி குனிந்து பார்த்தான். தொட்டியிலிருந்து ஆவி முகத்தில் அடித்தது. வெந்நீர் கொதித்துக்கொண்டு வந்தது, அவன் புறங்கை முழுக்கக் கொப்புளம் எழும்பி, கம்பி நார் பட்ட இடமெல்லாம் தோல் உரிந்து தொங்கியது. வலியே இல்லை. உரிந்த தோலுக்கு அடியிலும் வெள்ளையாகத்தான் இருந்தது.

குழாயை மூடினான். நடையில் சுவரோரம் இருந்த தொலைபேசிக்குப் போய், ஒரு பென்சிலைப் பல்லில் கடித்து, அதனால் மராயே எண்ணை அழுத்தினான். தட்டுகள் உரசுகிற சத்தம், யாரோ சிரிக்கிற சத்தம், பிறகு வைமாரியின் கனத்த குரல்.

“யாரு?”

“நான் ரெவி. ஹேராவைக் கூப்பிடுங்கக்கா.”

“அவ கையெல்லாம் மாவு. ரொட்டி பொரிச்சுக்கிட்டு இருக்கா. என்ன, புள்ளைக்குக் காய்ச்சல் கூடிடுச்சா?”

“இல்ல. சும்மாதான்.”

“சும்மாவா? என் தம்பியக் குழியில வச்சுட்டு ஒரு வாய் சாப்பிடாம ஓடிட்டியேடா நீ. அவன் உன்னை மச்சான் மச்சான்னு தலையில தூக்கி வச்சு ஆடினானே. சரி விடு, புள்ளைக்கு முடியல, என்ன பண்ணுவ.” மூச்சு வாங்கினாள். “கை கழுவிட்டுத்தானே போன?”

ரெவி வாயைத் திறந்தான். இல்லை அக்கா என்று இரண்டு சொல் சொன்னால் போதும். இருபது நிமிஷத்தில் வைமாரி ஜெபம் சொல்ல ஆளையும் தண்ணீரையும் கூட்டிக்கொண்டு இங்கே நிற்பாள், வந்து வாசலிலேயே அவனை நனைத்தெடுப்பாள். ஆனால் எப்படித் தெரியாமல் போச்சு என்று கேட்பாள். உன் கையே இப்படி என்றால் என் தம்பி கை எப்படி இருந்திருக்கும், அவனை எப்படி நர்ஸ் பாஸ் போட்டாள் என்று கேட்பாள். கேட்காமல் விடுகிற பொம்பளை இல்லை அவள்.

“கழுவினேங்க்கா.”

“தலையிலயும் தெளிச்சியா?”

“நான் என்ன பச்சைப் புள்ளையா? கழுவினேன்னா கழுவினேன்! எத்தனை வாட்டி கேப்பீங்க?”

“கத்தாதடா. திருப்பிக் கத்த எனக்குத் தெம்பு இல்ல இன்னிக்கு.” அவள் வைத்துவிட்டாள்.

பெரிய வீரன். பிள்ளைகுட்டி இல்லாத விதவை அவள், ஒரே தம்பியைப் பறிகொடுத்தவள், அவளிடம்தான் குரலை உயர்த்த முடிந்தது. மெல்ட்ரமிடம் உயரவில்லை. ரெவிக்குத் தன் தலையைச் சுவரில் மோதிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. மறுபடி எண்ணை அழுத்தி உண்மையைச் சொல்லிவிடலாமா என்று பென்சிலைக் கடித்துக்கொண்டு நின்றான். பிறகு பென்சிலைக் கீழே போட்டான்.

முன்னறையை எட்டிப் பார்த்தான். அடுப்பு வெளிச்சத்தில் மிரி கம்பளிக்குள் சுருண்டிருந்தாள். நல்லது, தூங்கட்டும். அவளிடம் போகாமல் இருந்தால் போதும். ஹேரா வரும்வரை தொடாமல், பக்கத்தில் நெருங்காமல் இருந்துவிட்டால் போதும். சமையலறைக்கு வந்து கதவைச் சாத்தி, தொட்டியின் அடைப்பானைப் போட்டு, குளிர்ந்த நீரை நிரப்பி, இரண்டு கைகளையும் மணிக்கட்டுக்கு மேலே வரை மூழ்கவைத்தான். தண்ணீர் சன்னமாகக் கோடு கோடாக நடுங்கியது. ஜன்னலுக்கு வெளியே மிச்சமிருந்த வெளிச்சமும் போய்க்கொண்டிருந்தது. கண்ணை மூடிக்கொண்டான்.

தரைக்கு அடியில் ஏதோ தட்டியது.

ஒரு தட்டு. பூட்ஸ் குதியின் தட்டு.

கட்டை விரலில் யாரோ தொட்டார்கள்.

தொட்டது தெரிந்தது. அதுதான் பயங்கரம். வெந்நீர் தெரியவில்லை, கம்பி நார் தெரியவில்லை, இது தெரிந்தது. மெதுவாக, நுனியில், சில்லென்று. தண்ணீருக்குள்.

இரண்டு தட்டு. சுட்டு விரல்.

கண்ணைத் திறக்கப் பார்த்தான். திறக்கவில்லை. கையை இழுக்கப் பார்த்தான்.

மூன்று தட்டு.

“ரெண்டு பேரும் சேந்துதாண்டா சிரிச்சோம்,” என்றான். குரல் வெளியே வரவில்லை. “நீ கேட்டேன்னுதான் தட்டினேன். நீதானேடா கேட்ட!”

நான்கு தட்டு. மோதிர விரல். தொட்டது, அழுத்தியது, ஏதோ படித்துப் பார்க்கிறதுபோல் அங்கேயே இருந்தது.

ஐந்தாவது வரவில்லை. காத்திருந்தான். வியர்வை மூக்கு நுனியிலிருந்து சொட்டித் தண்ணீரில் விழுகிற சத்தம் கேட்டது. அதைத் தவிர வேறு சத்தமே இல்லை என்பது ஒரு நிமிஷம் கழித்துத்தான் அவனுக்கு உறைத்தது. உறுமல் நின்றுவிட்டது. கண்ணைத் திறந்தான், திறந்தது. தொட்டியில் தண்ணீர் அசையாமல் நின்றது. கையை எடுத்து ஜன்னல் சட்டத்தில் வைத்தான். கண்ணாடி ஆடவில்லை.

போய்விட்டது. கையை விட்டுப் போய்விட்டது.

ரெவி தொட்டியின்மேல் குனிந்து அழுதான். சத்தம் போட்டு, வெட்கமில்லாமல், மூக்கு ஒழுக அழுதான். நாளைக்கே வைமாரி அக்காவிடம் போய்க் காலில் விழுந்து எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும். மெல்ட்ரமின் முகத்தில் அந்த ரம்பத்தைத் துண்டு துண்டாக வீசிவிட வேண்டும். பாலம் போடப் போகலாம், மயிர் கத்தரிக்கிற கொட்டகையில் ஆட்டு மயிர் பொறுக்கப் போகலாம், எது வேண்டுமானாலும். மணிக்கட்டைப் பார்த்தான். கோடு கீழே இறங்கிக்கொண்டிருந்தது. விரல் முட்டிகளுக்கு ரத்த ஓட்டம் திரும்பிக்கொண்டிருந்தது. வலி வந்தது. வெந்த தோலின் மொத்த வலியும் ஒன்றாக வந்தது, அவன் பல்லைக் கடித்துக்கொண்டு அதற்கு நன்றி சொன்னான்.

முன்னறையில் மிரி சிரித்தாள்.

“ரெண்டு!” என்றாள்.

ரெவியின் அழுகை நின்றது.

தட்டு கேட்டது. தரைக்கு அடியில், இப்போது சமையலறைக்கு அடியில் இல்லை, அந்தப் பக்கம். ஒன்று, இரண்டு, மூன்று.

“மூணு! சரியாப்பா?”

கதவு. கைப்பிடியைப் பிடித்தான், வெந்த தோல் அதில் ஒட்டிக்கொண்டு வந்தது. இழுத்தான். நடை. இருட்டு. நாலு எட்டு. ஐந்து எட்டு.

சோபாவில் மிரி எழுந்து உட்கார்ந்திருந்தாள். கண்ணை இறுக்க மூடியிருந்தாள். வலது கையை முன்னால், காற்றில், யாரோ மடியில் வைத்துப் பிடித்திருப்பதுபோல் நீட்டியிருந்தாள். அடுப்பு வெளிச்சம் அவள் முகத்தில் சிவப்பாக இருந்தது. கையில் சிவப்பு இல்லை. கட்டை விரல் வெள்ளை. சுட்டு விரல் வெள்ளை. நடு விரல் வெள்ளை.

நான்கு தட்டு.

“நாலு!”

மோதிர விரல் அவன் கண்முன்னே நுனியிலிருந்து அடிவரை வெளுத்தது.

“மிரி!”

“இருப்பா, கண்ணைத் தொறந்தா ஆட்டம் கலைஞ்சிடும். இன்னும் ஒண்ணுதான் பாக்கி.”

ஐந்து தட்டு.

“அஞ்சு! நான் ஒண்ணுகூட விடல. எப்படிச் சொல்றேன் சொல்லு பாப்போம்?” அவள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். “கீழ தட்டுற இல்ல, அதை எண்ணித்தான்! எனக்கு விரல்ல ஒண்ணுமே தெரியலப்பா.”

ரெவி விழுந்தடித்துக்கொண்டு அவள் முன் மண்டியிட்டான். அந்தக் கையைப் பிடுங்கித் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டான். இப்போது அவன் விரல்கள் எல்லாவற்றையும் உணர்ந்தன. அவள் நகங்களை உணர்ந்தன, தோலின் குளிரை உணர்ந்தன, சின்ன எலும்புகளுக்குள் ஓடிக்கொண்டிருந்த அந்த உறுமலை உணர்ந்தன. தேய்த்தான். வாயில் வைத்து ஊதினான். சுண்டு விரலைக் கிள்ளினான். பிறகு கடித்தான், ரத்தம் வருகிற அளவுக்குக் கடித்தான், ரத்தம் வரவில்லை.

“மிரி, இப்ப யாரு புடிச்சிருக்கா சொல்லு? அப்பாதான் புடிச்சிருக்கேன். தெரியுதா? இது எந்த விரலு? சொல்லுடா கண்ணு, இது எந்த விரலு?”

வெள்ளை அவளுடைய மணிக்கட்டைத் தாண்டி, பூப்போட்ட சட்டையின் கைக்குள் ஏறிக்கொண்டிருந்தது.

“நீ இன்னும் தட்டவே இல்லையேப்பா,” என்றாள் மிரி, கண்ணை மூடிக்கொண்டு, சிரித்த முகத்தோடு, தலையைத் தரைப்பக்கம் சாய்த்துக் காது கொடுத்தபடி.